சங்குமேட்டுக் குளமும் நான் தோண்டிய பள்ளமும்

முத்து வாங்கத்தான் தூத்துக்குடிக்குப் போனேன். மலேசியாவில், ஈப்போவில் என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அந்த ஊருக்குப் பெயரே முத்துநகர். அங்கே வாங்காமல் இங்கே சீனன் கடையில் வாங்கினால் நம் மரியாதை என்னாவது?" என்றாள் மனைவி. மரியாதை என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குகிறவன் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். லாரியில் மண் அள்ளிப் போடும் கூலியாகத் தொடங்கினேன். இன்று பேராக் மாநிலத்தில் எங்கே நிலம் திருத்தினாலும் என்னுடைய மண்வாரி இயந்திரம் ஒன்றாவது அங்கே நிற்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பெருமையும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நகைக்கடைக்காரர் நல்ல மனிதர். முத்துச் சரத்தை வெல்வெட் துணியில் பரப்பி வைத்துவிட்டு அவரே சொன்னார்: "அண்ணாச்சி, பொய் சொல்லி விக்க மாட்டேன். இங்கன கடல்ல முத்துக் குளிச்சு எத்தனையோ காலமாச்சு. இது ஐதராபாத்துல இருந்து வாரது."

"அப்புறம் ஏன் ஊருக்கு முத்துநகர் என்று பெயர்?"

"ரயிலுக்கும் அதே பேருதான் அண்ணாச்சி. அதுலயும் முத்து வாரதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்காமலே எழுந்தேன். இரவு பொரித்த பரோட்டா சாப்பிட்டேன். எண்ணெயில் முழுகி, அப்பளம் மாதிரி நொறுங்குகிற பரோட்டா. மேலே சால்னாவை ஊற்றி ஊறவிட்டுத் தின்ன வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் மெத்தை என்றால் இது முறுக்கு. மூன்று உள்ளே போனது. கடைக்காரர் என் வயதைக் கேட்டார். சொன்னேன். நான்காவதை அவராகவே வைத்தார்.

மறுநாள் செல்வம் என்ற ஓட்டுநர் காரோடு வந்தான். எட்டயபுரத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். வயது நாற்பதுக்குள் இருக்கும், பாட்டுப் போடாமல் வண்டி ஓட்டத் தெரியாதவன். வடக்கே தருவைகுளத்துப் பக்கம் கடலில் மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய முத்து யார் வீட்டிலாவது கிடைக்கும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். துறைமுகத்தைத் தாண்டும்போது கம்பத்தில் ஏதோ தொங்கியதைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"புயல் கூண்டு அண்ணாச்சி. ஏத்திட்டாவன்னா ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது. இன்னும் ரெண்டு நாள்ல மழை இருக்கு."

வானத்தைப் பார்த்தேன். வெயில்தான் அடித்தது. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளைக் குவியல் குவியலாக உப்பு. எங்கள் பக்கம் பழைய ஈயச் சுரங்கத்து மணலும் இப்படித்தான் வெள்ளையாகக் கிடக்கும். ஒரு நிமிடம் ஊரில் இருப்பது போலத் தோன்றியது.

தருவைகுளத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் முத்து கேட்டேன். "நாங்க சங்குதான் எடுக்கோம் பெரியவரே. முத்து வேணும்னா தூத்துக்குடியில நகைக்கடை இருக்கு" என்றார். என் முத்துத் தேடல் அத்துடன் முடிந்தது. ஒரு வீட்டுக் கடையில் ஊளி மீன் குழம்பு கிடைத்தது. அதன் காரத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. இந்தப் பயணத்தில் நான் கண்ணீர் விட்டது அந்த ஒரு முறைதான்.

சாப்பிட்ட மயக்கத்தில் இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ப் பார்க்கலாம் என்றேன். அதுதான் வினையானது. சங்குமேடு என்ற சின்னக் கடலோர ஊருக்குள் நுழையும்போது காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செல்வம் எதிர்வீட்டு வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்டான்.

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "குடிக்கிற தண்ணியையா காருக்குக் கேக்கிய? இதுவே லாரியில வாரது. உப்புத் தண்ணி வேணும்னா அந்தா அடிபம்புல கிடக்கு, எவ்வளவுனாலும் அடிச்சுக்கங்க."

"உப்ப ஊத்துனா வண்டி செத்துரும்க்கா."

"எங்க வயித்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதோ?"

தண்ணீர் லாரி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்போது மாதா கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெபம் என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றினேன்.

"ஊர் மக்களுக்கு ஒரு அறிவிப்பு. சேசு அண்ணன் கட்டில்ல படுத்துக் கிடக்காவ. பிச்சை மாமா செல்போன் பாத்துக்கிட்டு இருக்காவ. ரெண்டு பேரும் மண்வெட்டியோட குளத்துக்கு வரும்படி அன்போட கேட்டுக்கொள்கிறோம். இல்லன்னா அடுத்த அறிவிப்புல என்ன படம் பாக்காவன்னும் சொல்லப்படும்."

இரண்டு வீடு தள்ளி ஒரு கதவு படாரென்று திறந்தது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் மண்வெட்டியோடு ஓடினார். மண்வெட்டி போகிற திசையில் நான் போகாமல் இருக்க முடியுமா? பின்னாலேயே போனேன்.

ஊருக்கு மேற்கே குளம். குளம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். எனக்கு அது அகலமான தட்டு மாதிரி இருந்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கரையில் குவித்திருந்தார்கள். உள்ளே ஐம்பது அறுபது பேர், பாதிக்கு மேல் இளவட்டங்கள், மண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அவள் பிடித்திருக்க, மறுமுனையை ஒரு பையன் தூரத்தில் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். இயந்திரம் வாங்குவதற்கு முன் நானும் அப்படித்தான் மட்டம் பார்த்தேன். உடனே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் பெயர் மெர்சி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மறுமுனையைப் பிடித்திருந்தவன் வின்ஸ்டன். படகில் போகிறவன், ஒலிபெருக்கி அறிவிப்பும் அவன் கைங்கரியம்தான்.

"இத்தனை ஆளை எப்படிச் சேர்த்தாய்?" என்று கேட்டேன். எனக்குத் தொழிலே ஆள் சேர்ப்பதுதான். அந்தக் கஷ்டம் தெரியும்.

"கடல் திறந்திருந்தா ஒரு ஆள் கிடைக்காது தாத்தா. கடல் அடைச்சாத்தான் ஊரே கரையில கிடக்கும். அதனால கூண்டு ஏத்துன அன்னைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு குளத்துக்கு வரணும்னு வச்சிருக்கோம். வராதவங்க பேரு மைக்ல வந்துரும்."

"கூண்டு ஏற்றினால் கையோடு மழையும் வந்துவிடுமே?"

"அதான் தாத்தா சிக்கலே. ஆளு வந்தா மழையும் கூட வருது. மழை வாரதுக்குள்ள முடிக்கணும்."

தாத்தா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. செல்வம் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான் என்று சொல்லிப் பார்த்தேன். "அவருக்கு நீங்க கூலி குடுக்கிய, அதான்" என்றான் வின்ஸ்டன்.

எதை முடிக்க வேண்டும் என்பதையும் மெர்சி காட்டினாள். போன வருடம் மழைத் தண்ணீர் உப்பளத்து ஓரமாக வந்து உப்பை அள்ளிக்கொண்டு குளத்தில் விழுந்ததாம். குடிக்க உதவவில்லை. அதனால் இந்த முறை மேற்கே மேட்டு நிலத்திலிருந்து புதிதாக வாய்க்கால் வெட்டுகிறார்கள். பாதிதான் முடிந்திருந்தது.

இதற்குள் ஊர்க் கமிட்டித் தலைவர் வந்தார். கஸ்பார் என்று பெயர். என் வயதுதான் இருக்கும், ஆனால் என் அளவுக்குத் திடம் இல்லை. அவரோடு லாசர் என்று ஒருவர். அவருடைய பெரிய படகு குளத்தின் கிழக்குக் கரையில் உருளைக் கட்டைகள் மேல் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. குளத்துக்குள் இறங்கத் தயாராக நிற்பது போலவே இருந்தது.

"ஏளா மெர்சி, பேச்சு பேச்சா இருக்கணும்" என்றார் கஸ்பார். "ஒரு மழைக்குத் தவணை குடுத்திருக்கேன். இந்த மழைக்கு இது குடிக்கிற தண்ணி தரலன்னா, இடம் படகு பழுது பாக்கதுக்குத்தான். லாசர் எத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கான்."

"தரும் மாமா."

"தந்தா சந்தோசம்."

லாசர் காலடியால் குளத்தின் நீளத்தை அளந்துகொண்டே நடந்தார். மெர்சியின் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நாளைக் காலையில் ஜேசிபி வரும், வாடகை என் பொறுப்பு, லீவரும் என் கையில் என்றேன்.

மெர்சி யோசித்தாள். "வாய்க்காலுக்கு மட்டும் தாத்தா. குளத்துக்குள்ள மிஷின் இறங்கக் கூடாது. முழங்கால் ஆழந்தான் கணக்கு. அதுக்குக் கீழ களி, களிக்குக் கீழ கடல்."

சரி என்று தலையாட்டினேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முழங்கால் ஆழத்தில் ஒரு குளமா? நான் வெட்டிய குளங்களில் யானையை நிறுத்தலாம்.

அன்று மாலை தண்ணீர் லாரி வந்த பிறகுதான் கார் கிளம்பியது; அடுத்த நாள் விடிந்ததும் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினேன். வாடகை ஜேசிபியின் ஓட்டுநர் என்னை நம்பாமல் பக்கத்திலேயே நின்றான். பத்து நிமிடத்தில் அவன் பீடி பற்றவைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான். அதற்கு மேல் எனக்குச் சான்றிதழ் வேண்டுமா? சாய்வு பிசகாமல், கரையில் ஒரு கட்டி உடையாமல், மதியத்துக்குள் வாய்க்காலைக் குளத்தோடு சேர்த்துவிட்டேன். கரையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். வானம் மேற்கே கருத்திருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி அந்தத் தட்டைக் குளத்தைப் பார்த்தேன். இவ்வளவு செய்தவன் இதையும் செய்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் கோடையிலும் தண்ணீர் நிற்குமே. பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும். இயந்திரத்தோடு குளத்துக்குள் இறங்கினேன். கறுப்புக் களி நான்கு வாளி வந்தது. ஐந்தாவது வாளியில் வெள்ளை மணல். மணலுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர்.

ஊற்று. மழைக்கு முன்பே குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டேன். ஹாரனை அழுத்தி ஊரையே கூப்பிட்டேன்.

மெர்சி ஓடிவந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். "தாத்தா, அதைக் குடிச்சுப் பாத்தீங்களா?"

குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கடலைக் குடித்தது போல இருந்தது.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கத்தவில்லை. கரையில் போய் உட்கார்ந்து, தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். லாசர்தான் பேசினார். "நாம கடலத் தேடிப் போறோம். இவரு மலேசியாவுல இருந்து வந்து வீட்டு வாசலுக்கே கொண்டாந்துட்டாரு."

நாலு பேர் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல. மழை சொல்லட்டும்" என்று போய்விட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஓட்டையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறவன் நான் இல்லை. பழைய ஈயச் சுரங்கத்துக் குழிகளை எத்தனை மூடியிருக்கிறேன். அதற்கு ஒட்டுகிற மண் வேண்டும். இங்கே நான் வெட்டிப் போட்ட களி மணலோடு கலந்து உதவாமல் கிடந்தது. எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, அதுவரை எட்ட நின்று வேடிக்கை பார்த்த செல்வம் வாயைத் திறந்தான்.

"எங்க ஊரு கரிசல் இருக்கே அண்ணாச்சி. ஈரம் பட்டா ஊதிக்கிட்டு அடைச்சுக்கும். மழையில நடந்தா செருப்பையே திருப்பித் தராது."

அவன் அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டான். கண்மாய் மண் அள்ளிக்கொண்டிருந்த அவன் மச்சானின் டிப்பர் இரண்டு கிளம்பிவிட்டன என்றான். நான் இயந்திரத்தில் ஏறப் போனேன். வின்ஸ்டன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"மண்ணு வந்ததும் போடாதிய தாத்தா. இப்ப கடல் ஏறிக்கிட்டு இருக்கு. இந்தத் தண்ணியும் கூடவே ஏறும். நீங்க போடப் போடக் கீழருந்து தள்ளிரும். வத்தம் வரட்டும், கடல் இறங்கட்டும்."

"அது எப்போது வரும்?"

"சாயங்காலம்."

"மழை?"

"அதுவும் சாயங்காலந்தான்."

மெர்சி எழுந்து துண்டை மறுபடியும் தலையில் கட்டினாள். "வத்தம் முந்துதா மழை முந்துதான்னு பாப்போம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு தட்டில் மீன்சோறு வந்தது. அதை யார் அனுப்பியது என்று கேட்கத் தேவையில்லை.

டிப்பர்கள் வந்து கறுப்பு மண்ணைக் கொட்டிவிட்டுப் போயின. எல்லோரும் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வின்ஸ்டன் ஒரு குச்சியை ஓரத்தில் நட்டு வைத்திருந்தான். காற்று குளிர்ந்தது. முதல் தூறல் என் கை மேல் விழுந்தது. அந்த நேரத்தில் குச்சியில் ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் விரலளவு இறங்கியிருந்தது. பிறகு ஒரு சாண். பிறகு மணல் தெரிந்தது.

"இப்ப" என்றான் வின்ஸ்டன்.

மண் தட்டுகளை வரிசையாகக் கைமாற்றினார்கள். ஒரு அடுக்கு போடுவது, அதன் மேல் ஏறி மிதிப்பது, அடுத்த அடுக்கு. மிதிப்பதை நான் நடத்தினேன். இயந்திரத்தை அதன் மேல் ஏற்றினால் களி மறுபடியும் உடையும். காலால்தான் மிதிக்க வேண்டும், அதுவும் குதிகாலால். இதில் எனக்கு நிகர் கிடையாது. தோளோடு தோள் சேர்ந்து வட்டமாகச் சுற்றினோம். யாரோ செல்போனில் சினிமாப் பாட்டு வைத்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். காருக்குத் தண்ணீர் தராத அந்தப் பெண் என் பக்கத்தில்தான் மிதித்தாள். "நல்லா மிதிங்க, நீங்க தோண்டுனதுதான" என்றாள். கடைசி அடுக்கை மிதித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வரை கரிசல் அப்பிய கால்களோடு எல்லோரும் கரையேறினோம். நான் வெட்டிய வாய்க்காலில் மேட்டுத் தண்ணீர் செந்நிறமாக வந்து குளத்துக்குள் விழுந்தது. மெர்சி மழையில் நின்று அதைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "வாய்க்கால் நல்லா இருக்கு தாத்தா" என்றாள். எனக்கே தெரியுமே.

தூத்துக்குடிக்குத் திரும்பி, விடுதி அறையில் மழை பார்த்துக் கிடந்தேன். மக்ரூன் பெட்டி பெட்டியாகத் தீர்ந்தது. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும், வாயில் வைத்தால் இருப்பது தெரியாமல் போய்விடும். மனைவி போனில், "முத்து வாங்கியாச்சா?" என்று கேட்டாள். குளம் நிரம்பட்டும், பிறகு வருகிறேன் என்றேன். "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றாள். விமான டிக்கெட்டை மகன் மாற்றிப் போட்டான்.

மழை விட்டதும் போனோம். சாலையில் உப்பளங்கள் தண்ணீரில் முழுகியிருந்தன. உப்புக் குவியல்கள் கரைந்து பாதியாக நின்றன. உப்பளத்துக்காரர்களுக்கு நஷ்டம்தான். ஒரே மழை இரண்டு ஊருக்கு ஒரே மாதிரி பெய்வதில்லை.

சங்குமேட்டில் குளம் நிறைந்து, காற்றுக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது. ஊரே கரையில் நின்றது. ஒருவரும் வாயில் வைக்கவில்லை. கமிட்டித் தலைவர் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் அடைத்த இடம் எப்படி இருக்கிறது என்று மேலிருந்து தெரியவில்லை. உள்ளே கசிந்துகொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

கஸ்பார் வந்தார். நாக்கை நம்ப முடியாது என்றார். உப்புத் தண்ணீரையே குடித்துப் பழகிய நாக்கு எதையும் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்லுமாம். "பாலக் கொண்டாங்க. உப்பு இருந்தா திரிஞ்சிரும். அது பொய் சொல்லாது."

கரையிலேயே மூன்று கல் வைத்து, பிடுங்கிப் போட்ட கருவேலக் கட்டையால் அடுப்பு மூட்டினார்கள். நான் அடைத்த நடுப்பள்ளத்துக்கு நேராகப் போய் வின்ஸ்டன் ஒரு குடம் முகந்து வந்தான். மற்ற இடத்துத் தண்ணீரை எடு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சட்டியில் தண்ணீரும் தேயிலையும் கொதித்தன. மெர்சி பாலை ஊற்றினாள். எல்லோரும் சட்டிக்குள் குனிந்தோம். ஈரக் கட்டை புகைந்து கண் எரிந்தது. பால் பொங்கி வந்தது. மேலே வந்து நின்று, கரண்டி பட்டதும் அடங்கியது. மறுபடியும் பொங்கியது. கட்டி கட்டியாக ஒன்றும் மிதக்கவில்லை.

முதல் டம்ளர் கஸ்பாருக்கு. ஒரு வாய் குடித்தார். ஊர் முழுவதும் அவர் தொண்டையைப் பார்த்தது. இன்னொரு வாய். டம்ளரைச் சாய்த்து முழுவதையும் முடித்தார்.

"சீனி கம்மி" என்றார்.

காலி டம்ளரை மெர்சியிடம் கொடுத்துவிட்டு, கிழக்குக் கரையில் உருளைக் கட்டை மேல் நின்ற படகின் பக்கம் திரும்பினார்.

"ஏலே லாசரு, நீ படக வேற எங்கயாவது ஏத்திக்கோ."